ஓட விடுங்கள், விரட்டாதீர்கள்!



மேல்மலையனூரில் பேருந்தேறி, வளத்தியைக் கடந்து, செஞ்சிக் கோட்டையின் குன்றுகளைப் பார்த்தபடியே விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் நம்மில் பலருக்கும் இடுப்பு ஒடிந்துவிடும். ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அந்தத் தூரத்தையும் அதற்குமேல் சில கிலோமீட்டரையும் சேர்த்து, மே மாத வெயிலில், 4 வயதுக் குழந்தை ஒன்று ஓடியே கடந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? உண்மையில் நடந்த செய்திதான் இது.

2006-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள், ஒரிசா என்று அப்போது அழைக்கப்பட்ட ஒடிசா மாநிலத்தில், பூரியிலிருந்து புவனேசுவரத்தை நோக்கிப் புதியா சிங் என்ற சிறுவன் 65 கிலோமீட்டர் தூரத்தை 7 மணி 2 நிமிடங்களில் ஓடினான். 70 கிலோமீட்டர் ஓடுவதாகத்தான் திட்டம். அதற்குள் அவன் தளர்ந்துபோனதால் நிறுத்திவிட்டார்கள். மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் அவனுடன் ஓடினர். மக்கள் கைதட்டினர். தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. லிம்கா சாதனைப் புத்தகத்தில் அவன் பெயர் ஏறியது.

யார் அந்தக் குழந்தை? புவனேசுவரத்தின் சேரிப் பகுதியில் பிறந்தவன். வறுமை தாளாமல் தாய் அவனை 800 ரூபாய்க்கு ஒரு வியாபாரியிடம் விற்றுவிட்டதாக அக்காலச் செய்தித்தாள்கள் எழுதின. பிரஞ்சி தாஸ் என்ற ஜூடோ பயிற்சியாளர் அவனை மீட்டுத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார். ஒருநாள் அவன் கெட்ட வார்த்தை பேசினான் என்பதற்காக, மைதானத்தைச் சுற்றி ஓடு என்று தண்டனை கொடுத்துவிட்டு வெளியே போனாராம். சில மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால் குழந்தை இன்னும் ஓடிக்கொண்டிருந்ததாம். அந்தக் காட்சியைக் கண்டு அவர் வியந்தார். இவன் பிறவி ஓட்டக்காரன் என்று முடிவு செய்தார்.

எனக்கோ வேறொரு கேள்வி எழுகிறது. "போதும், நிறுத்து" என்று யாரும் சொல்லவில்லை என்பதனால்தானே அந்தக் குழந்தை நிற்கவில்லை? 3 வயதில் "என்னால் முடியவில்லை" என்று சொல்ல அதற்கு யாரிடம் உரிமை இருந்தது? உணவும் உறைவிடமும் தருபவரிடம் ஒரு குழந்தை எப்படி மறுப்புச் சொல்லும்?

பின்னர் மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். ஊட்டம் குறைவு, இரத்தசோகை, இதயத்துக்கு மிகுந்த அழுத்தம் என்றெல்லாம் அறிக்கை வந்தது. மாநில அரசு அவனை நெடுந்தூரம் ஓடவிடக் கூடாதென்று தடை விதித்தது. 2007-இல் சிறுவனைத் துன்புறுத்தினார் என்ற புகாரின்பேரில் பயிற்சியாளர் கைது செய்யப்பட்டார். அவர் அதை மறுத்தார். 2008 ஏப்ரலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். புதியா அரசு விளையாட்டு விடுதியில் சேர்க்கப்பட்டான். அவனைப் பற்றி ஆவணப்படமும் இந்தித் திரைப்படமும் வந்தன. ஆனால், உலகமே எதிர்பார்த்த அந்த ஒலிம்பிக் பதக்கம் வரவில்லை.

நியாயமாகப் பேச வேண்டுமானால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பயிற்சியாளர் எடுத்து வளர்த்திராவிட்டால் புதியாவின் கதி என்னவாகியிருக்கும்? அவர் அவனுக்குச் சோறு போட்டார், சட்டை கொடுத்தார், பெயர் கொடுத்தார். இதுதான் இச்செய்தியில் நெஞ்சை உறுத்தும் பகுதி. பிள்ளைகளை எல்லை மீறி விரட்டுகிறவர்கள் பெரும்பாலும் கொடியவர்கள் அல்லர். பிள்ளையின் நன்மைக்காகவே செய்கிறோம் என்று உளமார நம்புகிறவர்கள்தாம்.

"அவர் பயிற்சியாளர்தானே, பெற்றவரா அப்படிச் செய்தார்?" என்று நீங்கள் கேட்கலாம். பெற்றவர்கள் செய்த கதைகளும் உண்டு; சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். அதற்குமுன் நம் சுற்றுவட்டாரத்தை ஒருமுறை பாருங்கள்.

செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் என்று எந்த ஊரில் சுவரொட்டியைப் பார்த்தாலும் சிலம்பம், கராத்தே, யோகா, ஸ்கேட்டிங் வகுப்புகள். பிள்ளைகள் கம்பெடுத்துச் சுழற்றுவது கண்கொள்ளாக் காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் "உலக சாதனை" என்று பெயர் சூட்டி, 6 வயதும் 7 வயதும் ஆன பிள்ளைகளை மணிக்கணக்கில் இடைவிடாமல் சுற்றவைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு, ஏதோ ஒரு தனியார் சாதனைப் புத்தகத்தின் சான்றிதழைக் கையில் திணித்து, கழுத்தில் மாலையிட்டுப் படம்பிடித்து அனுப்புகிறார்களே, அதில் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? வரவேற்பறைச் சுவரில் மாட்ட நமக்கு ஒரு சட்டம் கிடைக்கிறது.

இன்னொரு வகையும் உண்டு. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அரசு வேலைகளில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு கதவு. ஆனால் கதவு குறுகியது, காத்திருப்போர் கூட்டமோ பெரிது. அந்தக் கதவுக்காகவே 9 வயதுப் பிள்ளையை விளையாட்டுக்கு விடும்போது, அது விளையாட்டாக இராமல் நுழைவுத் தேர்வாகிவிடுகிறது. பஜ்ருக்கு எழுந்து மைதானம், பிறகு பள்ளிக்கூடம், மாலையில் மக்தப், மீண்டும் மைதானம், இரவில் டியூஷன். நடுவே வெள்ளிக்கிழமை வீட்டில் பிரியாணி என்றால், "எடை கூடிவிடும்" என்று அதற்கும் தடை! மாவட்டப் போட்டிக்கும் மண்டலப் போட்டிக்கும் கிராமத்திலிருந்து பேருந்து மாறி மாறிப் போய்வர வேண்டும். தோற்றுத் திரும்பும் பிள்ளை அந்தப் பேருந்தின் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்ததில்லையா? பக்கத்தில் இருக்கும் வாப்பா செலவுக் கணக்கைச் சொல்லிக்கொண்டு வருவார். காலணி இவ்வளவு, பயிற்சிக் கட்டணம் இவ்வளவு, இன்றைக்குப் போன கூலி இவ்வளவு. அந்தக் கணக்கு பொய்யன்று. ஆனால் அதைக் கேட்கும் பிள்ளை, "எனக்கு இந்த ஆட்டம் பிடிக்கவில்லை" என்று இனி ஒருபோதும் வாய்திறக்காது. கடன்பட்டவன் எப்படி மறுத்துப் பேசுவான்?

"யுவராஜ் சிங்கின் தகப்பனார் அப்படித்தானே விரட்டினார்? மகன் உலகக் கோப்பையே வாங்கித் தரவில்லையா?" என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். உண்மைதான். யோக்ராஜ் சிங் இந்தியாவுக்காக ஒரே ஒரு டெஸ்ட் ஆட்டம் ஆடியவர். தமக்குக் கிட்டாதது மகனுக்குக் கிட்டவேண்டும் என்று துடித்தவர். சிறுவன் யுவராஜுக்கோ சக்கரச் சறுக்கில்தான் உயிர். அதில் தேசிய அளவில் பதக்கமும் வாங்கிவந்தான். அந்தப் பதக்கத்தைத் தந்தை தூக்கி எறிந்துவிட்டு, இனிக் கிரிக்கெட் மட்டும்தான் என்றார். இதைப் பின்னாளில் இருவருமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். 2011 உலகக் கோப்பையில் யுவராஜ் தொடர் நாயகன் ஆனார் என்பது நாடறிந்தது.

ஆனால் எண்ணிப் பாருங்கள். அதே வகையில் பதக்கத்தை எறிந்த, அதே வகையில் விடியற்காலையில் எழுப்பி அடித்த தந்தையர் எத்தனை பேர்? அவர்களுடைய பிள்ளைகள் எங்கே? தேறாதவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. வென்ற ஒருவரின் தந்தையைப் பார்த்து வழி கற்பது, லாட்டரியில் பரிசு விழுந்தவரிடம் போய்க் குடும்பம் நடத்தும் முறையைக் கேட்பது போன்றது.

வென்றவர்களே என்ன சொல்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். டென்னிஸ் உலகின் முடிசூடா மன்னர்களில் ஒருவராயிருந்த ஆந்த்ரே அகாசியின் தந்தை ஈரானில் பிறந்து, அந்நாட்டுக்காக ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை போட்டவர். அமெரிக்காவில் குடியேறி, வீட்டுக் கொல்லையில் டென்னிஸ் திடல் அமைத்து, பந்து எறியும் இயந்திரம் ஒன்றை மகனுக்கு எதிரே நிறுத்தினார். நாளொன்றுக்கு 2,500 பந்துகள் அடித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து லட்சம் பந்துகள். அத்தனை அடிக்கும் பிள்ளையை யாரும் வெல்ல முடியாது என்பது அவர் கணக்கு. கணக்குத் தப்பவில்லை. மகன் உலகின் முதலிடம் பிடித்தார். 2009-இல் வெளிவந்த தன்வரலாற்றில் அந்த மகன் எழுதியது என்ன தெரியுமா? டென்னிசைத் தாம் வெறுத்ததாக எழுதினார். வாழ்நாளெல்லாம் வெறுத்த ஒன்றைச் செய்து புகழ்பெற்ற மனிதர்!

யெலினா டோகிச் என்ற ஆஸ்திரேலிய வீராங்கனையின் கதை இதைவிடக் கொடியது. 2000-ஆம் ஆண்டு, 17 வயதில் அவர் விம்பிள்டன் அரையிறுதி வரை வந்தார். எந்தப் பெற்றோரும் சுற்றத்தாரை அழைத்து விருந்து வைக்கக்கூடிய சாதனை. அரையிறுதியில் தோற்றதற்காக அவருடைய தந்தை அவரை விடுதி அறைக்கு வரக்கூடாதென்று சொல்லிவிட்டார். போக்கிடம் இல்லாத அந்தப் பெண் ஆட்டக்காரர்களின் ஓய்வறையிலேயே ஒளிந்து படுத்துக்கொண்டார். சிறு வயதிலிருந்தே தந்தை தம்மை அடித்துவந்ததை 2017-இல் வெளியிட்ட நூலில் அவர் எழுதினார். உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டிய பெண்ணுக்கு அன்றிரவு தலைசாய்க்க இடமில்லை என்பது எவருக்கும் தெரியாது.

இப்படிப்பட்ட கதைகள் பெருகியதனால்தான் விதிகள் வந்தன. அமெரிக்காவின் ஜெனிஃபர் காப்ரியாட்டி 1990-இல் 13 வயதிலேயே தொழில்முறை வீராங்கனை ஆனார். சில ஆண்டுகளில் மனம் சோர்ந்து ஆட்டத்தைவிட்டு விலகினார். அதன்பின் 1995-இல் பெண்கள் டென்னிஸ் சங்கம், சிறு வயதினர் ஆண்டுக்கு எத்தனை போட்டிகளில் ஆடலாம் என்று வரம்பு கட்டியது. பனிச்சறுக்கு நடனத்தில் 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 15 வயது ரஷ்யச் சிறுமி ஊக்கமருந்துச் சர்ச்சையில் சிக்கி, உலகமே பார்க்க விழுந்து விழுந்து எழுந்து அழுததைக் கண்டபின், முதியோர் பிரிவில் ஆடக் குறைந்த வயதைப் படிப்படியாக 17 ஆக உயர்த்தினார்கள். இலண்டன், பாஸ்டன், நியூயார்க் மாரத்தான்களில் 18 வயது நிரம்பாதவர் ஓட முடியாது. நம் புதியாவுக்கு 4 வயது!

இனி உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாய்மார்கள் இப்பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளின் உடம்பு பெரியவர்களின் உடம்பைச் சிறிதாக்கியது அன்று. கை, கால்களின் நீண்ட எலும்புகளின் முனைக்கருகே வளர்தட்டு என்ற மென்மையான குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கிருந்துதான். வளர்ச்சி முடியும்வரை அது கெட்டிப்படுவதில்லை. பெரியவருக்குச் சுளுக்காகப் போகும் அடி பிள்ளைக்கு வளர்தட்டின் முறிவாக ஆகலாம். ஒரே அசைவைத் தினமும் நூற்றுக்கணக்கில் செய்யும்போது, முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே புடைத்துக்கொண்டு வலி எடுக்கும். சிலருக்குக் குதிகாலில் வலிக்கும். வேகப்பந்து வீசும் சிறுவர்களுக்குக் கீழ்முதுகு எலும்பிலேயே மெல்லிய விரிசல் விழுவதுண்டு. அதற்காகவே கிரிக்கெட் வாரியங்கள் சிறுவர்கள் ஒரு நாளில் எத்தனை ஓவர் வீசலாம் என்று வயதுக்கேற்ப வரம்பு வைத்திருக்கின்றன. நம் ஊர்த் திடலில் அந்த வரம்பை யார் எண்ணுகிறார்கள்? "இன்னும் ரெண்டு ஓவர் போடுடா" என்பதுதான் அங்கே சட்டம்.

பிள்ளை நொண்டினால் தைலம் தேய்த்து மறுநாள் அனுப்பிவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலி, இரவில் எழுப்பும் வலி, ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டும் வலி ஆகியவற்றுக்கு எலும்பு மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2016-இல் வெளியிட்ட அறிவுரை என்னவென்றால், வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ முழு ஓய்வு, ஆண்டில் மொத்தம் 3 மாதங்களாவது அந்தக் குறிப்பிட்ட ஆட்டத்திலிருந்து விடுப்பு, 15, 16 வயது வரும்வரை ஒரே விளையாட்டில் மட்டும் பிள்ளையைக் கட்டிப்போடாமல் பல ஆட்டங்களை ஆடவிடுவது. பல ஆட்டங்கள் ஆடிய பிள்ளை பிந்திப் போவதில்லை. காயம் குறைந்து, ஆட்டத்தின்மேல் ஆசை குறையாமல் வளர்கிறது.

பெண்பிள்ளைகளுக்கு இன்னுமோர் ஆபத்து. கடுமையான பயிற்சிக்கு ஈடாக உணவு இல்லாவிட்டால் மாதவிடாய் தவறும்; நின்றும் போகும். பயிற்சியில் இது சகஜம் என்று சிலர் சொல்வார்கள். சகஜம் அன்று. எலும்பு தேயும் ஆபத்து இருக்கிறது என்பதன் அறிகுறி அது. மகள் இதை வாப்பாவிடமோ ஆண் பயிற்சியாளரிடமோ சொல்லமாட்டாள். உம்மாதான் கேட்டறிய வேண்டும். ரமளானில் நோன்பு நோற்கும் பிள்ளைகளின் பயிற்சி நேரத்தை இஃப்தாருக்குப் பின்னோ வேறு வகையிலோ மாற்றித் தருமாறு பயிற்சியாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுவதும் பெற்றோர் பொறுப்பே. கேட்டால் பலர் இணங்குகிறார்கள்.

சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிறந்த தேதியைத் திருத்தும் பழக்கம். 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 16 வயதுப் பிள்ளையை நிறுத்துவதற்காகச் சான்றிதழையே மாற்றுகிறார்கள். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணக்கிடும் சோதனையைக் கிரிக்கெட் வாரியம் நடத்துவது இதனால்தான். 2015-இல் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் ராகுல் திராவிட் இதைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். வயதில் மூத்தவன் சிறுவர்களிடையே வெல்வது திறமையால் அன்று, உடல்வலுவால். அவனால் இடமிழப்பவன் உண்மையான வயதுடைய இன்னொரு வீட்டுப் பிள்ளை. அதோடு, பெற்றோரே கையெழுத்திட்டுக் கற்பிக்கும் பொய்யைப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் மறக்குமா?

அப்படியானால் ஊக்கமே கொடுக்கக் கூடாதா? கண்டிப்பே கூடாதா? அப்படிச் சொல்வேனா! உழைப்பில்லாமல் எந்த வித்தையும் வராது. சென்னை பிரக்ஞானந்தாவின் வீட்டைப் பாருங்கள். மூத்தவள் வைஷாலி தொலைக்காட்சியே கதியென்று கிடந்ததால் அவளைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்கள். செலவுக்கு அஞ்சித் தம்பியைச் சேர்க்கப் பெற்றோர் முதலில் நினைக்கவேயில்லை. அக்காளைப் பார்த்துத் தம்பி தானே வந்து உட்கார்ந்துகொண்டான். இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள் ஆனார்கள். தாயார் நாகலட்சுமி நாடு நாடாக உடன்சென்று, மின்னடுப்பில் சோறும் ரசமும் வைத்துக் கொடுப்பவர். ஆட்டத்தின் நுணுக்கங்கள் தெரியாதபோதும் மகனின் முகத்தைப் பார்த்தே நிலைமையை அறிந்துகொள்பவர் என்று 2023 உலகக் கோப்பையின்போது பத்திரிகைகள் எழுதின. காயை எங்கே நகர்த்த வேண்டும் என்று அந்தத் தாய் சொல்வதில்லை. பசிக்கிறதா என்று கேட்கிறார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் 3 தங்கம் வென்று வந்த சென்னை காசிமா ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் என்பதையும் நினைவிற்கொள்க.

நிஜாமாபாத்தின் நிகத் ஸரீன் செய்தி நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமானது. தந்தை முகம்மது ஜமீல் அவரை ஓட்டப் பயிற்சிக்குத்தான் அழைத்துச் சென்றார். பெண்கள் ஏன் குத்துச்சண்டை போடுவதில்லை என்று கேட்டது மகள். உறவினர்கள் உடையைப் பற்றியும் பேசினார்கள், ஊரைப் பற்றியும் பேசினார்கள். தந்தை மகளின் பக்கம் நின்றார். 2022-லும் 2023-லும் அவர் உலகச் சாம்பியன். நம்மில் பலர் செய்வது இதற்கு நேர்மாறு. மகன் வேண்டாம் என்று அழும்போது இழுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போகிறோம். மகள் வேண்டும் என்று அழும்போது மைதானத்திலிருந்து இழுத்துக்கொண்டு வருகிறோம். இரண்டிலும் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று ஜும்ஆ மேடைகளில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். பயிற்சி என்ற பெயரில் அடியும் பட்டினியும் நடப்பதை எங்கேனும் கண்டால், அடுத்த வீட்டு விவகாரம் என்று ஒதுங்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. கட்டணமில்லை.

ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிந்ததும் மாவட்ட விளையாட்டரங்குகளில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடைகாலப் பயிற்சி முகாம்கள் நடக்கும். தடகளம், கால்பந்து, கைப்பந்து என்று பல ஆட்டங்கள் இருக்கும். விண்ணப்பத்தை நிரப்பும்போது, விளையாட்டின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் மட்டும் பேனாவைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் மனத்தில் வைத்திருந்த ஆட்டத்தை அது எழுதாமல் போகலாம். "முகாமெல்லாம் வேண்டாம் அத்தா, தெருவிலேயே விளையாடுகிறேன்" என்று பேனாவைத் திருப்பித் தந்தாலும், அந்தப் பதிலையும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கோடை 12 மாதத்தில் வந்துவிடும்.